முப்பத்திரண்டு வீட்டுக்கு ஒரு கடிதம்

வெல்டிங்காரருக்குத் தன் அண்ணன் மேல் இருந்த கோபம் பதினோரு மாதமாக ஆறவில்லை. அந்தக் கோபத்தோடு அவர் பற்றவைத்துக் கொடுத்த இரண்டு கேட்டுகளை இன்றுவரை யாராலும் திறக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். வெல்டிங்காரரின் மகள் ஒருநாள் மயங்கி விழுந்தாள். சோதித்ததில், இதயம் சம்பந்தப்பட்ட மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அது நோய் தருமா தராதா, நிச்சயமில்லை என்றது அறிக்கை. அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அண்ணன் போய், "அதெல்லாம் அவ அம்மா வழி. எங்க வம்சத்துக்கு நெஞ்சு கல்லு மாதிரி" என்று மார்பைத் தட்டினார். எழுபத்தெட்டு வயதில் தட்டிய தட்டு மூன்று மாடி கீழே கேட்டதாம். சம்பந்தம் முறிந்தது.

பிறகு பெற்றோரையும் சோதித்தார்கள். மனைவியிடம் அந்த மாற்றம் இல்லை. வெல்டிங்காரரிடம் இருந்தது.

"இப்ப சொல்லுங்க, யார் வழி?" என்றாள் மனைவி.

அவர் மரபணு ஆலோசகியிடம் ஓடினார். "மேடம், இது எங்கண்ணன் ரத்தத்துலயும் இருக்கணும். சொந்தக்காரங்க எல்லாரும் அதைப் பாக்கணும்!"

"இருந்தா நல்லதுதான். இந்த மாற்றத்தோட இந்த வயசுலயும் அவர் இதயம் நல்லா இருந்தா, இது கெடுதல் இல்லைங்கறதுக்கு பலமான சாட்சி. வேற இடங்கள்லயும் இப்படி நல்லா இருக்கறவங்க சிலர் கிடைச்சிருக்காங்க."

பாதிதான் அவர் காதில் விழுந்தது.

அண்ணனை அழைத்து வருவதா கஷ்டம்? "உங்க ரத்தம் மாதிரி கிடைக்கலையாம்ணே" என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். ஆலோசகி விளக்கி முடிப்பதற்குள் கையெழுத்தும் போட்டார்.

ரத்த முடிவு வந்தது. இருந்தது! அண்ணன் முகம் வெளுத்ததைப் பார்த்தபடி வெல்டிங்காரர் இரண்டு டீ குடித்தார். மூன்றாவது டீயில்தான் மீதிப் பாதி உறைத்தது. இதய ஸ்கேனுக்கு இன்னும் ஒன்பது நாள். அண்ணன் நெஞ்சு பழுது என்றால் பழி தீரும், மகள் கதையும் முடியும்.

அந்த ஒன்பது நாளும் அண்ணன் படியிறங்கினால் இவர் கைபிடித்தார். தெருநாய்களிடம் குரைக்க வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லி வைத்தார். ஒரு நாய் மட்டும் கேட்கவில்லை.

"ஏண்டா இப்படித் தாங்கறே? செத்துடுவேனா?"

"செத்துப் பாருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

ஸ்கேனில் துளிப் பழுதில்லை. எல்லாச் சாட்சியையும் சேர்த்துப் பார்த்த ஆய்வகம், அந்த மாற்றத்தைக் கெடுதல் இல்லாதவற்றோடு சேர்த்தது. மகள் தப்பித்தாள். அண்ணனோ, "என் நெஞ்சுதாண்டா அவளைக் காப்பாத்துச்சு!" என்று மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்.

வெல்டிங்காரர் பல்லைக் கடித்தார். அப்போது ஆலோசகி, சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதற்கென்று தரும் கடிதத்தை அண்ணனிடம் நீட்டினார். மாற்றம் அண்ணன் தம்பி இருவரிடமும் இருக்கிறது, மகளுக்கு அப்பா வழியில் வந்தது, கெடுதல் இல்லை. எல்லாம் அதில் இருந்தது.

"தபால்ல போட்டுடலாம்" என்றார் அண்ணன்.

"தபால் எதுக்கு? நெஞ்சுதான் நல்லா இருக்கே. நடங்க."

சொந்தமும் முறிந்த சம்பந்தமும் சேர்த்து மொத்தம் முப்பத்திரண்டு வீடு. முதல் வீடு மாப்பிள்ளையுடையது, நான்காம் மாடி. லிஃப்டை மறைத்துக்கொண்டு வெல்டிங்காரர் நின்றார். மேலே போய் அண்ணன் மூச்சிரைக்க வாசித்தார்.

"அந்த 'அப்பா வழி' சரியாக் கேக்கலைண்ணே. இன்னொரு தடவை."

வாசித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "அப்போ பழையபடி பேசி முடிச்சுடலாமே?"

"எம் பொண்ணு உங்க வீடு வேணாம்னுட்டா. அதையும் நேர்ல சொல்லத்தான் வந்தேன்."

அண்ணன் மெல்ல நாற்காலியை இழுத்தார்.

"உக்காராதீங்கண்ணே. அடுத்தது எதிர்க் கட்டடம். ஆறாவது மாடி."