சனோபர் ஒடித்த ரொட்டி

மர்கிலான் நகரத்துப் பல் டாக்டர் சனோபர், முகர்ரமின் உடைந்த கடைவாய்ப் பல்மேல் தங்க மூடியை வைத்து ஒட்டினாள். பசை இறுகும்வரை வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

"அக்கா, உங்க பொண்ணு ரானோவ என் பையனுக்குக் குடுங்க. நம்ம வழக்கப்படி நாம ரெண்டு பேரும் ரொட்டிய ஒடிச்சு ஆளுக்குப் பாதி தின்னா நிச்சயம் முடிஞ்சுது!" என்றாள் சனோபர்.

கல்யாண வீடுதோறும் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனுக்கா! வாய் நிறையப் பஞ்சு. முகர்ரம் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

சனோபர் அவள் தாடையை இறுக்கிப் பிடித்தாள். "ஆட்டாதீங்க, கோணிக்கும்."

பஞ்சை எடுத்ததும் திட்டித் தீர்க்கக் காத்திருந்தாள் முகர்ரம். எடுத்த கையோடு வேறெதையோ வாயில் திணித்தாள் சனோபர்.

"நல்லாக் கடிங்க. உசரம் சரியான்னு பாக்கணும்."

கடித்தாள். ரொட்டி!

மறு பாதியைச் சனோபர் மென்றுகொண்டிருந்தாள். "இருபது வருஷத்துக்கு அசையாது, சம்பந்தி!"