முட்டுக்காட்டில் ஒரு சோளக்கதிர்

முட்டுக்காடு படகுத்துறைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் பஞ்சராகி நின்றபோது சௌந்தரவல்லிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. காலையில் திருவான்மியூர் டாக்டரிடம் கிளம்பியவர்கள். இனி மாமல்லபுரம் போய்ச் சேர்ந்து, விளக்கேற்றி, கஞ்சி காய்ச்சி, கணவர் ஸ்ரீனிவாசராகவனுக்குத் துணி மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். போன தையில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. அன்றிலிருந்து மனைவியின் கைதான் அவருக்குக் கை. பிள்ளை அஸ்வத் பரோடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, “அப்பாவைப் பாத்துக்கோம்மா” என்பான்.

“ஸ்டெப்னிலயும் காத்து இல்லம்மா. டிப்போலேர்ந்து வரணும். எறங்கி நெழல்ல குந்துங்க” என்றார் கண்டக்டர் சம்பத்.

இரண்டு பேர் கைத்தாங்கலாக ஸ்ரீனிவாசராகவனை இறக்கிச் சாலையோரத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சோளம் சுட்டு விற்கும் மார்கரெட்டின் பெஞ்சு அது. உப்பங்கழிக் காற்றில் கரியடுப்பு தானாகவே கனன்றுகொண்டிருந்தது. மார்கரெட் பச்சைத் தோகையை உரித்துக் கதிரைத் தணலில் புரட்டினாள். முத்துகள் வெடித்துக் கருகின. எலுமிச்சை மூடியை உப்பும் மிளகாய்ப்பொடியும் கலந்த தட்டில் தொட்டு, சுடச்சுட மேலே தேய்த்தாள். ஸ்ரீனிவாசராகவனின் கண் அதைவிட்டு நகரவில்லை. இடது கையை நீட்டிக் காட்டினார்.

“வேண்டாம்னா. உப்பே கூடாதுன்னு இப்பத்தானே டாக்டர் சொன்னார்?”

கை இறங்கவில்லை.

கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அவர்தான் சோளம் வாங்குவார். ஆனால் கடிக்க விடமாட்டார். வாயில் வைத்த பண்டத்தை மறுபடி வாயில் வைத்தால் எச்சில். கட்டைவிரல் நகத்தால் வரிவரியாக உதிர்த்து அவள் உள்ளங்கையில் கொட்டுவார். உதிர்த்து முடிப்பதற்குள் ஆறிப்போய்விடும். சௌந்தரவல்லி ஆறின சோளத்தைத்தான் தின்றிருக்கிறாள். பக்கத்தில் யாராவது கதிரை இரண்டு கையிலும் பிடித்துக் கடிக்கும்போது பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

“உப்பு போடாம ஒண்ணு குடும்மா” என்றாள்.

“உப்பு இல்லாம இன்னாத்தம்மா துன்னுவாரு?” என்றபடியே மார்கரெட் வெறும் கதிரைச் சுட்டுக் கொடுத்தாள்.

சௌந்தரவல்லி சூடு பொறுத்துக்கொண்டு உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் போட்டாள். இரண்டு முறை மென்றார். மூன்றாம் முறை முகம் சுளித்தது. எல்லாவற்றையும் துப்பிவிட்டு, அவள் கையில் இருந்ததையும் தட்டிவிட்டார். முத்துகள் மண்ணில் சிதறின. காலையில் கஞ்சிக் கிண்ணத்துக்கும் இதே கதிதான்.

“நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்கோ!” சௌந்தரவல்லி கத்திவிட்டாள். “அதுவும் பிடிக்கலை, இதுவும் பிடிக்கலை. என் உடம்பு மட்டும் இரும்பா? ராத்திரி கண்ண மூடி எத்தனை நாளாச்சு தெரியுமா உங்களுக்கு?”

இறங்கி நின்ற பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாளில் அவரைப் பார்த்து அவள் குரல் உயர்த்தியதில்லை. மார்கரெட் தலையைக் குனிந்து விசிறியை எடுத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணு குடு. உப்பு, காரம் எல்லாம் போட்டு.”

“தோ, தரேம்மா.”

வாங்கினாள். உதிர்க்கவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, அவர் பார்க்கப் பார்க்கக் கடித்தாள். உதடு சுட்டது. புளிப்பும் காரமும் நாக்கில் ஏறின. கருகின முத்து பல்லிடுக்கில் நொறுங்கி உள்ளே பால் இனித்தது. கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்குப் போனாள். கன்னத்தில் கரி ஒட்டியது தெரியவில்லை.

பக்கத்திலிருந்து ஒரு சத்தம். புரையேறிவிட்டதோ என்று பதறித் திரும்பினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது, தோள் குலுங்கியது. இடது கையை அவள் கன்னத்துக்குக் கொண்டுவந்து கரியைத் துடைக்கப் பார்த்து, இன்னும் அதிகமாகப் பூசிவிட்டார்.

“சிரிப்பு வேறயா?” என்றாள். குரலில் பழைய சூடு இல்லை.

அவர் முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தார்.

“இது எச்சில்னா. நான் கடிச்சது.”

திறந்த வாயை அவர் மூடவில்லை. அவள் நகர்ந்து வந்து கதிரை அவருடைய இடதுபக்கப் பற்களில் கொடுத்தாள். பாதி முத்து மடியில் விழுந்தது. மீதியை நிதானமாக, கண்ணை மூடி மென்று விழுங்கினார். “போதும், அவ்வளவுதான்” என்று இழுத்துக்கொண்டாள். அவர் உதட்டை நக்கிக்கொண்டார்.

டயர் வந்து மாட்டிக் கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து மாத்திரைப் பையை மடியில் வைத்தாள். கோவளம் தாண்டுவதற்குள் தலை தொங்கிப் போய் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் முன்சீட்டுக் கம்பியை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பஸ் குலுங்கியபோதும் தோளை அசைக்கவில்லை.

மாமல்லபுரம் ஸ்டாண்டில் வண்டி நின்றது. சம்பத் எழுப்ப வந்தார். அதற்குள் ஸ்ரீனிவாசராகவனே, “வல்லி… வந்… வந்தாச்சு” என்றார்.

கண் விழித்தவளுக்கு ஒரு கணம் எந்த ஊர் என்றே புரியவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு, அவரை எழுப்பி நிறுத்தத் தன் தோளைக் கொடுத்தாள்.