எமில்டா நடக்காத கரை

லண்டனில், ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் நரசிம்மன் நடத்திவந்த பயண முகவர் கடையில் எமில்டா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய அகதி வழக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. கடவுச்சீட்டு குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒபிசில் கிடந்தது. நாட்டைவிட்டு ஒரு நாள் வெளியே போனாலும் திரும்பி வர விடமாட்டார்கள் என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவள் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை மற்றவர்களைக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நரசிம்மன் சென்னைக்காரர். தொண்ணூற்று இரண்டாம் ஆண்டு கோடையில் பிரான்சின் வடக்குக் கடற்கரைக்கு மூன்று நான்கு நாள் போய்வரும் பயணங்களை விற்கத் தொடங்கினார். நியூஹேவனில் கப்பல் ஏறினால் தியெப்பில் இறங்கலாம். அங்கிருந்து காரிலேயே கரையோரமாக வடக்கே போனால் சோம் ஆறு கடலில் விழுகிற பெரிய விரிகுடா வரும். இந்தப் பகுதியின் விளம்பரப் புத்தகங்கள் எமில்டாவின் மேசைக்கு வந்தன. அவள் அவற்றைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம் செய்துவிட்டாள்.

முதல் பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைக்கார ஆசிரியை படங்களைப் புரட்டிவிட்டு, நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. ஆனால் “இல்லை” என்றால் ஏன் என்று அடுத்து கேட்பாளே என்ற பயத்தில் எமில்டா, “போன வருசம் போனேன்” என்றுவிட்டாள். ஆசிரியையின் முகம் மலர்ந்தது. அதன் பிறகு பத்து நிமிடம் இரண்டு பேரும் விடுமுறைக்குப் போய்வந்த இரண்டு பெண்களைப்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து நிமிடமும் எமில்டா வழக்கு இலக்கம் உள்ள ஒருத்தியாக இருக்கவில்லை. அது அவளுக்கு இனித்தது. அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அவள் போய்வந்தவளாகவே இருந்தாள். அவளுடைய பத்திரங்களைத் தம் கையால் கோப்பில் வைத்த நரசிம்மனுக்கு உண்மை தெரியும். அவர் கேட்டும் கேளாதவர்போல இருந்துவிட்டார்.

மறு வருடம் ஏப்ரலில் பஸ்தியாம்பிள்ளையும் டொலறஸும் கடைக்கு வந்தார்கள். அவர் மன்னாரில் பேசாலைக்காரர். இருபத்திரண்டு வருடம் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டொலறஸ் கத்தோலிக்கக் கோவிலின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் முன்னுக்கு நின்று பாட்டுத் தொடக்குகிறவர். லண்டனிலேயே மிச்சம் என்கிற பகுதியில் அவர்கள் வீடு. எமில்டாவைக் கோவிலில் பார்த்துப் பழகியவர்கள். கலியாணம் முடித்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது, இரண்டு பேரும் தனியாக ஒரு இடமும் போனதில்லை என்று டொலறஸ் வெட்கத்தோடு சொன்னார்.

“அன்ரி, நான் சொல்லுற இடத்துக்குப் போங்கோ,” என்றாள் எமில்டா. புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். “இது லு த்ரேப்போர், வெள்ளை மலை நேரா கடலுக்குள்ள இறங்கும். பக்கத்தில மெர்ஸ் எண்டு ஒரு ஊர், வீடெல்லாம் கலர் கலரா, பலகணிக்கு மரச்சித்திர வேலை. பிறகு கயே. அங்க மணல் இல்லை, கூழாங்கல்லுத்தான், ஆனாக் கல்லுக்கு மேல பலகை அடிச்சு நீளத்துக்கு நடைபாதை போட்டிருக்கினம். லு ஊர்தெலில நிண்டாக் கடல்நாய் படுத்திருக்கிறது தெரியும்.”

“கடல்நாயோ?” பஸ்தியாம்பிள்ளை சிரித்தார். “எங்கட பக்கம் கடற்பன்றிதான்.”

“கடைசியா லு குரொத்துவா. அங்க நல்ல மணல், அங்கிள். குடாவைச் சுத்திப் பழைய கரிக்கோச்சி ரெயில் ஒண்டும் ஓடுது.”

டொலறஸ் ஒரு படத்தில் விரலை வைத்தார். ஈர மணல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. வெறுங்காலோடு நாலைந்து பேர் நடந்துகொண்டிருந்தார்கள். “இதில நடந்து போகலாமோ பிள்ளை?”

“ஓம் அன்ரி. தண்ணி வத்தினாப் பிறகு இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு, சென் வலறி எண்டுற ஊருக்கு, நடந்தே போகலாம். நான் போன வருசம் நடந்தனான். கால் நனைஞ்சது, அவ்வளவுதான்.”

இந்தக் கால் நனைந்த கதையை அவள் அப்போதுதான் சேர்த்தாள். அது தன் வாயிலிருந்து அவ்வளவு இயல்பாக வந்ததை நினைத்து மனதுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டாள்.

மே மாதம் மூன்றாவது ஞாயிறு பூசையில் வேறொருத்தி பாட்டுத் தொடக்கினாள். பிரசங்கம் முடிந்ததும் சுவாமியார், பிரான்சில் கடலில் அகப்பட்டு வைத்தியசாலையில் இருக்கும் டொலறஸுக்காக மன்றாடச் சொன்னார். பூசை முடிந்ததும் எமில்டா வாசலுக்கு விரைந்தாள். வாசலில் கூடி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் குடாவை நடந்து கடக்கப் புறப்பட்டார்களாம். நடுவழியில் கடல் பெருகிவிட்டதாம். முன்னால் மணல் காய்ந்து கிடக்க, முதுகுக்குப் பின்னால் இருந்த பள்ளங்கள்தான் முதலில் நிரம்பினவாம். டொலறஸை இரண்டு முறை தண்ணீர் இழுத்துப் புரட்டியிருக்கிறது. மட்டி பொறுக்க வந்த ஒருவன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இருவரையும் ஏற்றியிருக்கிறான். டொலறஸுக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் போய்ச் சளிக்காய்ச்சலாகிவிட்டது.

“மன்னார்க் கடல் தெரிஞ்ச மனுசன். இப்பிடிப் போய் மாட்டியிருக்கிறாரே,” என்றது ஒரு குரல்.

மன்னார்க் கடல் தெரிந்ததுதான் வினையாயிற்று என்பது எமில்டாவுக்குப் பிறகுதான் விளங்கியது. அங்கே கடல் ஒரு முழம் இறங்கி ஒரு முழம் ஏறும். மைல் கணக்கில் விலகிப்போய், ஓடிவருகிற கடலை அவர் கண்டதில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அவள் முதலில் எடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான். படங்கள் முடிந்த பிறகு ஒரு கடைசிப் பக்கம் இருந்தது. அதில் படம் இல்லாததால் அவள் அதுவரை அதைத் திருப்பியதே இல்லை. சாதாரண ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில் எழுதியிருந்தது. பழக்கமான வழிகாட்டி இல்லாமல் குடாவுக்குள் இறங்க வேண்டாம். வழி என்று ஒன்று நிலையாக இல்லை. ஒவ்வொரு பெருக்கோடும் மணலும் பள்ளமும் இடம் மாறும்.

அதை வாசித்துவிட்டு அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம் பஸ்தியாம்பிள்ளை கடைக்குள் வந்தார். கோட்டு அவர் உடம்பில் தொங்கியது. நரசிம்மன் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏசப்போகிறார், ஏசட்டும் என்று எமில்டா நினைத்தாள். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

அவர் ஏசவில்லை. “பிள்ளையில ஒரு பிழையும் இல்லை ஐயா,” என்று நரசிம்மனிடம் சொன்னார். “பிள்ளை வழி சொல்லித்தான் விட்டது. நான்தான் வழி பிழைச்சுப்போனன்.” பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். விரிகுடாவின் படத்தைப் பேனையால் அவரே வரைந்திருந்தார். இந்தக் கரையில் லு குரொத்துவா, எதிர்க்கரையில் சென் வலறிக் கோவில் கோபுரம். நடுவில் அவர்கள் நடந்த பாதை புள்ளி புள்ளியாகப் போய் ஒரு இடத்தில் நின்றது.

“எமில்டா, நீ நடந்தனி எல்லே. நீ எந்தப் பக்கத்தால போனனி? நான் வலக்கைப் பக்கம் கூடப் பிடிச்சிட்டன் போல கிடக்கு. இருபத்திரண்டு வருசம் பஸ் ஓடினனான், ஒரு நாள் வழி மாறினதில்லை. இதில எங்க பிழைச்சனான் எண்டு தெரியாமல் எனக்கு நித்திரை வருகுதில்லை. ஒருக்கா கீறிக் காட்டு பிள்ளை.”

பேனையை அவளிடம் நீட்டினார்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை வேறு. நரசிம்மன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேனையை வாங்கினாள். அவருடைய புள்ளிகளுக்கு இடப்பக்கமாக, கொஞ்சம் வளைத்து, கரையிலிருந்து கரைக்கு ஒரு கோடு இழுத்தாள்.

“இந்தப் பக்கத்தாலயோ,” என்றார் அவர். நெடுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓம். ஓம். நான் இடக்கைப் பக்கம் பிடிச்சிருக்க வேணும்.” தாளைக் கவனமாக மடித்து வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் நரசிம்மன், “ஏம்மா, கோடு போட்டா குடுத்த?” என்றார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

அந்தக் கோடு ஊரெல்லாம் சுற்றியது. பூசை முடிந்து தேநீர் குடிக்கிற மண்டபத்தில் பஸ்தியாம்பிள்ளை கண்டவர்களுக்கெல்லாம் தாளை விரித்துக் காட்டினார். “இது பிள்ளை போன வழி, இது நான் போன வழி. இந்தா, இவ்வளவுதான் வித்தியாசம்.” விரலிடை அளந்து காட்டுவார். ஆட்கள் எமில்டாவைப் பார்த்து, நல்ல காலம் நீ தப்பினாய் என்றார்கள். அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். பிறகு கேள்விப்பட்டாள், அவர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டாராம். கார்த் திறப்பை மருமகனிடம் கொடுத்து, என்னை நம்பி ஒருதரையும் ஏத்த ஏலாது என்றாராம். லண்டனுக்குத் திரும்பிவிட்ட டொலறஸை வைத்தியசாலையில் காட்ட இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போகிறாராம்.

இதைக் கேட்ட அன்று எமில்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களைத் தண்ணீரில் தள்ளியது தன் அறியாமை என்று ஒரு சமாதானம் அதுவரை அவளிடம் இருந்தது. கோடு இழுத்ததற்கு அப்படி ஒரு சமாதானமும் இல்லை.

சனிக்கிழமை அவள் மிச்சத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். கையில் அந்தப் புத்தகம் இருந்தது. முன்னறையில் டொலறஸ் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாலு சொல் பேசினால் மூச்சு வாங்கியது. பாடுகிற குரல் எங்கோ போய்விட்டிருந்தது. பஸ்தியாம்பிள்ளை குசினியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“அன்ரி, நான் அங்க போகேல்லை,” என்றாள் எமில்டா, நின்றபடியே. “ஒரு நாளும் போகேல்லை. எனக்கு இந்த நாட்டை விட்டுப் போகவே ஏலாது. கேஸ் முடியேல்லை. படத்தைப் பாத்துத்தான் எல்லாம் சொன்னனான். அங்கிளுக்குக் கீறிக் குடுத்ததும் பொய்.”

டொலறஸ் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் மெல்ல மெல்லத்தான் வந்தது. “நான் அந்த மனுசனை,” என்று தொடங்கி மூச்சு வாங்கினார். “ஒவ்வொரு நாளும் குத்திக் காட்டிறன். பஸ் ஓடின நீங்கள் வழி பிழைச்சனீங்கள் எண்டு. ஒவ்வொரு நாளும். தெரியுமே உனக்கு?”

டொலறஸ் குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

“எனக்குச் சொல்லிப்போட்டுப் போகலாம் எண்டு நினையாத. குசினியில நிக்கிறார். போய் அவரிட்டச் சொல்லு.”

குசினிக்குள் நாலு எட்டுத்தான். எமில்டாவுக்கு அது நெடுந்தூரமாக இருந்தது. பஸ்தியாம்பிள்ளை திரும்பிப் பார்த்து, “வா பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியே?” என்றார். அவள் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. அவர்தான் கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

“அப்ப நீ கீறின வழி?”

“வழி எண்டு ஒண்டும் இல்லை அங்கிள்.” புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, தமிழிலும் சொன்னாள். மணல் இடம் மாறும். பள்ளம் இடம் மாறும். ஆர் போனாலும், எந்தப் பக்கம் பிடிச்சாலும்.

அவர் அந்தப் பக்கத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுத் தாமே இன்னொருமுறை வாசித்தார். “அப்ப நான் பிழைக்கேல்லை,” என்றார், தமக்குத்தாமே. பிறகு அவளைப் பார்த்தார். “இதை அண்டைக்குக் கடையில வைச்சுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. நான் என்ன, உன்னை அடிக்கவா போறன்?”

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை. “போயிட்டு வா,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு தேநீர் மண்டபத்தில் எமில்டா தானாகவே எழுந்து, அவரிடம் தாள் பார்த்த எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் அன்றோடு அவளுடன் கதைப்பதை நிறுத்தினார்கள். கடையில் நரசிம்மன் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பிரான்ஸ் புத்தகங்களை எடுத்து வேறு மேசையில் வைத்தார், அவ்வளவுதான். யாராவது நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை, எனக்குப் போக அனுமதி இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் கன்னம் சுட்டது.

நவம்பரில் ஒரு நாள் மழைக்குள் அவள் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கார் வந்து ஓரம் கட்டியது. பஸ்தியாம்பிள்ளைதான் ஓட்டிவந்தார். முன் இருக்கையில் டொலறஸ், கழுத்தைச் சுற்றிச் சால்வையோடு. பஸ்தியாம்பிள்ளை கண்ணாடியை இறக்கி, “மோர்டனில வீட்டுக்குத்தானே? ஏறு,” என்றார்.

அவளுக்கு அந்த நடைபாதையிலேயே மறைந்துபோகலாம் போலிருந்தது. ஆனாலும் ஏறினாள். வழி முழுவதும் டொலறஸ் இடையிடையே இருமினார். பஸ்தியாம்பிள்ளை சந்திகளில் நிதானமாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, சிக்னல் போட்டுத் திரும்பினார். அவளுடைய தெரு முனையில் இறக்கிவிட்டபோது அவள், “நன்றி அங்கிள்,” என்றாள். அவர் முன்னால் பார்த்தபடியே தலையை அசைத்தார்.