ஆற்றுக்குப் போன டேங்க் கிளீனர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பிரைட்டன், வீட்டுக் கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்று சுத்தமாக வைத்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் அந்த மீனை வாங்கினார். அப்போது அது விரல் நீளம். கடையில் அதற்கு டேங்க் கிளீனர் என்று பெயர். பாசியை முடித்ததும் அது தங்கமீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றையும் சுத்தம் செய்தது. தங்கமீன்கள் போய்ச் சேர்ந்தன. இப்போது முழங்கை நீளத்தில், முதலைத் தோலோடு, திரும்பக்கூட இடமில்லாமல் தொட்டியில் கிடந்தது.

"கொழம்பு வைக்கவும் ஆவாது, கண்கொண்டு பாக்கவும் முடியல. இன்னைக்கு அது வெளிய போவணும். இல்லன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றார் மனைவி பிளாரன்ஸ்.

கொல்ல மனம் வரவில்லை. பெயிண்ட் வாளியில் தண்ணீரோடு போட்டு மூடி, பிரைட்டன் திருச்செந்தூர் பஸ் ஏறினார். முக்காணிப் பாலத்தில் இறங்கித் தாமிரபரணியில் விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. வழியெல்லாம் வாளிக்குள் டம் டம் என்று சத்தம். பக்கத்து சீட்காரர் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பாலத்துக்குக் கீழே போனால் ஆற்றங்கரையில் சாமியானா பந்தல். பாதி நாற்காலி காலி. மீன்வளத் துறை ஆய்வாளர் ஐஸ்வர்யா மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்ல வளக்குற வெளிநாட்டு மீனை தயவுசெஞ்சு ஆத்துல விடாதீங்க. டேங்க் கிளீனர்னு ஒண்ணு இருக்கு. கரையைக் குடைஞ்சு முட்டை போடும். வலையைக் கிழிக்கும். நம்ம கெண்டை, கெளுத்திக்கு இரை இல்லாம ஆக்கிரும்."

பிரைட்டன் மெல்லத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து மீன் வாலால் ஓர் அடி கொடுத்தது. மூடி தெறித்து, உருண்டு, மேடையடியில் போய் நின்றது.

"அண்ணாச்சி, வாளியில என்ன?" என்று மைக்கிலேயே கேட்டார் ஐஸ்வர்யா.

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிரைட்டன் வாளியின் வாயைக் கையால் மறைத்தார்.

"நீங்க இப்ப சொன்னியளே மேடம், அதேதான். ஆத்துல விடக்கூடாதுன்னு... ஒங்ககிட்ட ஒப்படைக்கலாம்னு கொண்டாந்தேன்."

காலையிலிருந்து பேசியும் கொட்டாவியைத் தவிர வேறெதையும் பார்க்காத ஐஸ்வர்யாவின் முகம் மலர்ந்தது. வராத சிறப்பு விருந்தினருக்காக வைத்திருந்த பொன்னாடை பிரைட்டனின் தோளில் விழுந்தது. கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் பிரைட்டன் வாளியை நீட்டினார்.

"ஆபீஸ்ல தொட்டி கிடையாதே அண்ணாச்சி. நீங்களே வச்சுப் பாத்துக்கிடுங்க. இவ்வளவு பொறுப்பா வேற யாரு பாப்பாங்க?"

பொன்னாடையும் வாளியுமாக வந்து நின்றவரைப் பார்த்து பிளாரன்ஸ் வாயைத் திறந்தார்.

"ஏளா, சொல்லுதத முழுசாக் கேட்டுட்டு ஏசு" என்றார் பிரைட்டன்.

கேட்டு முடித்ததும் பிளாரன்ஸ் ஏசவில்லை. தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மீன் மொட்டைமாடி சிமெண்ட் தொட்டிக்குப் போனது. மறுநாள் பேப்பரில் வந்த படத்தைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பிளாரன்ஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் வாசலில் ஒரு கூட்டம். ஆளுக்கொரு வாளி. முதலில் நின்றவர் அடுத்த தெரு ரெக்சன்.

"அண்ணன், எங்க வீட்லயும் ஒண்ணு கிடக்கு. ஆத்துல விடத்தான் இருந்தேன். பேப்பர்ல ஒங்கள பாத்ததும் மனசு கேக்கல."

பிரைட்டன் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். பிளாரன்ஸ் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படிக் கதவைத் திறந்தார்.

"ஒவ்வொருத்தரா மேல போங்க. வாளிய மட்டும் மறக்காமத் திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க."