மாப்பிள்ளை துடைத்த காலி இடம்

இரண்டு வார லீவு முடிந்து கிடங்கம்மா வேலைக்குத் திரும்பியபோது, அவள் அறைச் சுவரில் புதிதாக ஒரு டிவி முளைத்திருந்தது. ஆள் உயர டிவி. அதில் பன்னிரண்டு வட்டங்கள். பன்னிரண்டும் பச்சை.

"எப்படி?" என்றான் மாப்பிள்ளை, ஏதோ டிவியைத் தானே பெற்றெடுத்த மாதிரி.

ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாம் போய் உட்காரும் ஸ்டோரேஜைப் பதினாலு வருடமாகக் கட்டி மேய்க்கிறவள் என்பதால் அவளுக்குக் கிடங்கம்மா என்று பெயர். மாப்பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்த கதை இன்னும் சுருக்கம். பெரிய டாக்டரின் ஒரே பெண்ணைக் கட்டினான். கட்டிய மறுமாதமே கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவன் ஆனான். அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவனுக்கே சரியாக நினைவில்லை.

"நீங்க லீவுல இருந்தப்ப எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டேன். பதினஞ்சு நாள்ல ஒரு அலாரம் அடிக்கல, தெரியுமா?"

அதுதான் அவளுக்கு இடித்தது. பதினாலு வருடத்தில், பதினைந்து நாள் வாயைத் திறக்காத ஸ்டோரேஜை அவள் பார்த்ததில்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அது முனகும்.

கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அட்மின் பக்கத்தைத் திறந்தாள். வட்டம், வண்ணம் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே படமே கிடையாது, வெறும் எண்கள். அவளைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத பக்கம்.

நிரம்பியது: 98.9 சதவீதம்.

"எண்பதைத் தாண்டினாலே செவப்பு வரணும். யாரு அதைத் தொண்ணூத்தொம்பதுக்கு மாத்தினது?"

"நான்தான். சும்மா சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. மாமா ரவுண்ட்ஸ் வர்றப்ப செவப்பா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டர்ல கோட்டை அழிச்சு மேல போடுவீங்களா?"

"அதெப்படிப் போட முடியும்?" என்று அவன் நிஜமாகவே யோசித்தான்.

மேஜைமேல் போன் அடித்தது. ஸ்கேன் அறையின் மூத்த டெக்னீஷியன். "கிடங்கம்மா, வந்துட்டியா? நல்ல நேரத்துக்கு வந்தே. லாரி டிரைவர் ஒருத்தர், மண்டையில அடி, உள்ளே ரத்தக் கசிவு. இப்ப ஸ்கேன் போடறேன், அப்படியே தியேட்டர். சர்ஜன் கையைக் கழுவிட்டு நிக்கறார். படம் எப்பவும்போலப் போயிடும்ல?"

"போடுங்க, பாத்துக்கறேன்."

99.3. சுவரில் ஒரு வட்டம் சிவந்தது. மாப்பிள்ளை அதைக் கண்ணாடியில் பரு பார்ப்பதுபோல் பார்த்தான்.

நூறு வரை போகட்டும் என்று இந்த ஸ்டோரேஜ் காத்திருக்காது. 99.8 தொட்டதும் உள்ளே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம் ஒரு எக்ஸ்ரேகூட உள்ளே நுழையாது.

கிடங்கம்மா பதறவில்லை. இப்படி ஒரு நாளுக்காகவே அவள் ஆறு வருடம் முன்பு நாலு டெராபைட் இடத்தைத் தனியாக ஒதுக்கி, உள்ளே எதுவும் வைக்காமல் பூட்டிப் போட்டிருந்தாள். தண்ணீர் கழுத்துக்கு வரும்போது அந்த ஒதுக்கலை அழித்தால் போதும், மூச்சுவிட உடனே இடம் கிடைக்கும். பட்டியலில் கீழே போனாள். மேலே வந்தாள். மறுபடி கீழே போனாள்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே? 'தொடாதே'ன்னு பேர் வச்சு?"

"ஓ, அதுவா!" மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "அழிச்சுட்டேன். நாலு டெராபைட்டை எதுக்கும்மா சும்மா அடைச்சு வச்சிருந்தீங்க?"

"'தொடாதே'ன்னு தமிழ்லதானே எழுதியிருந்தேன்?"

"அதனாலதான் சந்தேகப்பட்டுத் திறந்து பாத்தேன். காலியா இருந்துச்சு."

அவனைத் திட்டுவதற்கு அகராதியில் இருக்கிற வார்த்தை எல்லாம் அவளுக்குத் தெரியும். தேர்ந்தெடுக்கத்தான் நேரமில்லை. "அந்த இடத்துல என்ன வச்சீங்க?"

தினமும் காலை எட்டரைக்கு மாப்பிள்ளை ஊழியர்களை ஹாலில் கூட்டிப் பேசுவான். தலைமைப் பண்பு, நேர மேலாண்மை, புன்னகையின் வலிமை. போன மாதம் அது வெறும் பேச்சு. இவள் லீவில் போனதும் நாலு கேமரா வாங்கி விட்டான். எதிர் அறையில் ஒரு எடிட்டரும் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரே பேச்சுக்கு ஏழு வெர்ஷன். ஒவ்வொன்றும் சினிமாத் தியேட்டரில் ஓட்டுகிற தரம். மொத்தம் முப்பத்தோரு டெராபைட்; அவள் ஒதுக்கிய நாலும் அதில் போச்சு.

"பழைய வெர்ஷனை எல்லாம் அழிச்சுடறேன், அவ்வளவுதானே!" என்று அவளை முந்திக்கொண்டு தன் லேப்டாப்பில் தட்டினான். தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

99.6.

"அழிச்சா குறையணும், ஏன் ஏறுது?"

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த வீடியோவை அப்படியே ஸ்னாப்ஷாட்னு ஒரு நகல் எடுத்து ஒரு வருஷம் வச்சிருன்னு உத்தரவு போட்டிருக்கீங்க. அது வச்சிருக்கு. நீங்க முன்கதவு வழியா எறியறது பின்கதவு வழியா உள்ளதான் இருக்கு." எடிட்டிங் அறையின் இணைப்பை ஒரே சொடுக்கில் துண்டித்தாள். எதிரே எடிட்டர் "ஐயோ, சேவ் பண்ணலையே!" என்று அலறியது கேட்டது. ஆனால் மற்ற இருபது பிரிவுகளும் எழுதிக்கொண்டுதானே இருக்கின்றன?

99.8. கதவு சாத்தியது. பன்னிரண்டு வட்டங்களும் ஒரே நேரத்தில் சிவந்தன.

போன். "படம் ஏற மாட்டேங்குதும்மா!"

"உங்க மெஷின்ல தெரியுதில்ல?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? தெரிய வேண்டியவர் ரெண்டு மாடி மேல நிக்கறார். பாதி மண்டையைத் திறந்து போட்டுட்டு இங்க ஓடி வந்தா பாப்பாரு?"

"அஞ்சே நிமிஷம்." போனை வைத்துவிட்டு, வீடியோ மொத்தத்தையும் ஸ்னாப்ஷாட்டோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'அழி' அழுத்தினாள். இவ்வளவு பெரிய அழிப்புக்கு இரண்டு அட்மின்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். இருக்கிற இன்னொரு அட்மின் பக்கத்திலேயே நின்றான்.

"லாகின் போடுங்க."

மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "மொத்தமும் போயிடுமா? முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கிட்டு..."

"எங்க? உங்க சட்டைப் பாக்கெட்லயா?"

"அது வெறும் வீடியோ இல்லம்மா, என் உழைப்பு. வேற எதையாவது அழிங்களேன். பத்து வருஷத்துக்கு முந்தின எக்ஸ்ரே எல்லாம் யாரு பாக்கப் போறா?"

"யாரு பாக்கணும்னு நீ முடிவு பண்ணுவியா?"

குரல் வாசலிலிருந்து வந்தது. சர்ஜன் போன் போட்டதில் பெரிய டாக்டர் தானே இறங்கி வந்திருந்தார்.

"மாமா, ரெண்டே நிமிஷத்துல நான்..."

"என்ன அழிக்கணும்?" அவர் கேட்டது கிடங்கம்மாவிடம்.

"சாரோட பேச்சு, சார். முப்பத்தோரு டெராபைட். அவர் லாகின் போட்டாத்தான் நடக்கும்."

பெரிய டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் உட்கார்ந்தான். பாஸ்வேர்டு போட்டான். திரை இன்னொன்று கேட்டது: அழிக்கப்போவதன் பெயரை முழுசாக டைப் அடி. கை தவறி அழித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அந்தப் பெயரை வைத்தவனும் அவனேதான்: 'என்றென்றும்_அழியாத_தலைமை_உரைகள்'.

முதல் தடவை ஒரு அடிக்கோட்டை விட்டுவிட்டான். இரண்டாம் தடவை 'அழியாத' இரண்டு முறை வந்தது.

"இன்னொரு தடவை தப்பா அடிச்சா கால் மணி நேரம் பூட்டிக்கும்," என்றாள் கிடங்கம்மா. "டிரைவர் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டார்."

பெரிய டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மாமா எழுத்தெழுத்தாகப் படிக்க, மாப்பிள்ளை ஒற்றை விரலால் அடித்தான். கடைசி எழுத்தில் விரல் நின்றது.

"அழுத்துடா."

அழுத்தினான்.

99.8. அசையவில்லை. 99.8. பிறகு 97. 91. அதற்குப் பிறகு விறுவிறுவென்று இறங்கியது. அவள் கதவைத் திறந்துவிட்ட அதே நொடியில் காத்திருந்த கோப்புகள் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தன.

போனை அவளே எடுத்தாள். "ஏறிடுச்சும்மா!" என்று கத்தினார் டெக்னீஷியன். "தியேட்டர்ல தெரியுதாம். கத்தி வச்சாச்சு!"

பெரிய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பேச்சு எல்லாம் இனிமே எங்கயும் இல்லையாம்மா?"

"இல்ல சார்."

"நிச்சயமா? அந்த ஸ்னாப்ஷாட்ல எங்கயாவது ஒளிஞ்சிருக்காதே?"

"மொத்தமும் போச்சு சார்."

"நல்லது," என்றார். "தினமும் எனக்கு முன்வரிசையில சீட் போடறான்மா." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "உன் லாகினை இந்தம்மா இப்பவே எடுத்துடுவாங்க. கீழ அந்த டிரைவரோட சம்சாரம் நிக்கறா. அவ புருஷனோட படம் தியேட்டருக்குப் போக ஏன் லேட்டாச்சுன்னு உன் வாயால சொல்லிட்டு வா."

"நானா? என்ன மாமா சொல்றது?"

"நல்லாத்தான் பேசுவியே."

மாப்பிள்ளை வாசல் வரை போனான். அங்கே நின்று ஒரு தடவை தொண்டையைச் செருமினான். படியில் இறங்கிப் போனான்.