ரோடாவின் கண்ணில் நின்ற ஆள்

கொலையுண்ட ரோடா பெல்லிங்கின் இடது கண்ணில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். பார்லி மணி அளவுதான் இருப்பான். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். போலீஸ் மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, முகவாய்க் குழி, முன்பல் ஒன்று இல்லாதது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. லண்டன் ஒயிட்சாப்பலில் எங்கள் டக்கெட் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அது ஏமஸ் டிரிங். மீன் சந்தையில் கூடை சுமப்பவன், ரோடாவோடு நான்கு வருடம் மோதிரம் மாற்றாமலே குடித்தனம் நடத்தியவன்.

இது 1889 நவம்பரில். அந்தப் பருவத்தில் கத்திக்குப் பலியான நான்காவது பெண் ரோடா. முதல் மூன்று பேருக்கும் அவசரமாக இமை மூடி, மேலே பென்னிக் காசு வைத்துப் புதைத்துவிட்டார்கள். ரோடாவின் கண்கள் மட்டும் மூட மறுத்தன. செத்தவர் கடைசியாகப் பார்த்தது கண்ணில் தங்கிவிடும் என்பது எங்கள் ஊரில் படித்தவரும் படிக்காதவரும் நம்பிய சங்கதி, போட்டோ பிடிப்பது மாதிரித்தான் என்று பத்திரிகைக்காரர்கள்கூட எழுதினார்கள். அதனால் கண்ணுக்குள் ஆள் நிற்பது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் போலீஸ் என்ன கிழித்தது என்றுதான் கேட்டார்கள்.

ஏமஸை ஏற்கெனவே ஊர் வாய்கள் மென்றுகொண்டிருந்தன. மூன்று வாரம் முன்பு இருவருக்கும் பெரிய சண்டை. மாலையில் அவள் வெளியே போகக் கூடாதென்று அவள் தொப்பியை அவன் ஒளித்து வைத்தான்; அவள் தேநீர்க் குடுவையை அவன் மண்டையில் உடைத்தாள். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதிக்குப் போய்விட்டான். மீன் அறுக்கும் கத்தி வைத்திருந்தான். அவன் மேல்துணியில் என்றைக்கும் ரத்தம்தான். மீனுடையதா மனிதருடையதா என்று யார் கண்டது? கொலை நடந்த இரவில் அவன் விட்ட குறட்டையில் தங்களுக்குத் தூக்கமே இல்லை என்று விடுதிக்காரி சத்தியம் செய்தாள். ஆனால் காலையில் அவன் கட்டிலடியில் பூட்ஸ் நனைந்து கிடந்தது என்பதையும் அவளேதான் சொன்னாள். கூரை ஒழுகுகிறது என்றான் ஏமஸ். யார் வீட்டுக் கூரைதான் ஒழுகவில்லை. பாதிப் பேர் நம்பினார்கள், மீதிப் பேர் கயிறு தேடினார்கள்.

மரண விசாரணைக்குப் பன்னிரண்டு நடுவர்கள் உட்கார்ந்தார்கள், எல்லாரும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். தீர்ப்புச் சொல்லும் முன் பிணத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது சட்டம். பிணவறையில் வரிசையாக நின்று, மூக்கில் கைக்குட்டையோடு, ஒவ்வொருவராகக் குனிந்து ரோடாவின் கண்ணுக்குள் பார்த்தார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கெசியா மாட். எங்கள் சந்தில் பிறந்தவரைக் கழுவுவதும் இறந்தவரைக் கழுவுவதும் அவள்தான். வெளியே இருநூறு பேர் கூடி, “அவனை எங்ககிட்ட விடுங்க!” என்று கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஏமஸ் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே, ஒவ்வொரு உதைக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், பார்க்கவே பதறியது.

நடுவர்களின் தலைவர் கிரிம்ஷா மெழுகுவர்த்திக் கடைக்காரர். கடைசியாகக் குனிந்தவர் நிமிர்ந்து சொன்னார்: “வேற பேச்சே வேண்டாம். அவனேதான். விரலெல்லாம் கறுத்துக் கெடக்கு, உறைஞ்ச ரத்தம். பின்னால பச்சையா அந்த ரூமோட சுவர்க் காகிதம்.”

“அந்த ரூம்ல காகிதமே கெடையாதுங்கய்யா,” என்றாள் கெசியா. “வெறும் சுண்ணாம்பு. அது ஹாப்புக் கொடி.”

“பீருக்குப் போடுற ஹாப்பா? எனக்குத் தெரியாதா? தெனம் ரெண்டு குவளை குடிக்கிறேன்.”

“பால் குடிக்கிறவனெல்லாம் மாட்டைப் பாத்திருக்கானா? கென்டுப் பக்கம் தோட்டத்துக்குப் போய் ஒரு நாள் பறிச்சுப் பாருங்க. விரல்ல கறுப்பு ஒட்டிக்கும், சோப்புப் போட்டாலும் போவாது. செப்டம்பர்ல நாங்க சந்தோட கெளம்பிப் போனோம், இவங்க ரெண்டு பேரும் வந்தாங்க. இப்ப நவம்பர். கென்டுல ஒத்தை இலை கெடையாது.”

ஹாப்பு பறிக்கப் போவது பஞ்சப் பரதேசிகள் வேலை. கடை வைத்தவர்கள் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். ஆனால் பின்வரிசையில் செருப்புத் தைப்பவர் ஒருவர், காது வரை சிவந்து, மெல்லக் கை தூக்கினார். “அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். சின்ன வயசுல நானும் போயிருக்கேன்.” பிறகு ரொட்டிக்காரர் தூக்கினார். பிறகு கறிக்கடைக்காரர். எண்ணிப் பார்த்தால் ஏழு கைகள். மறுபடி குனிந்து பார்த்தார்கள். கொடி, கூடை, வெயில். கத்திக்குக் கீழே கிடந்தவள், கொன்றவனைப் பார்க்க மறுத்திருக்கிறாள். அவனுக்குப் பதிலாக இதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். ‘பெயர் தெரியாத ஒருவரால் கொலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். உண்மையில் கொன்றவன் கடைசிவரை அகப்படவில்லை.

அடக்கத்துக்கு முன் ஏமஸ் பிணவறைக்கு வந்தான். “அக்கா, நான் ஒரு தரம் பாக்கட்டுமா?” கெசியா விளக்கைக் காட்டினாள். தன்னையே அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கூரை ஒழுகலக்கா. நான் போனேன். சமாதானம் பேசலாம்னுதான் மழையில போனேன். கதவுகிட்ட நிக்கும்போது உள்ள ஆம்பளை கொரல் கேட்டுது. வேற ஆளைப் புடிச்சிட்டா, அவ்வளவுதான்னு நெனச்சேன். தட்டக் கையத் தூக்கினேன்க்கா, தூக்கின கையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன். படுத்துத் தூங்கியும் தூங்கிட்டேன். அவ என்னைப் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கா.”

வெளியே இன்னும் ஐம்பது பேர் போகாமல் நின்றார்கள். இதில் ஒரு வார்த்தை கதவைத் தாண்டினால் ஏமஸின் கழுத்து மிஞ்சாது என்று கெசியாவுக்குத் தெரியும். இவன் சொல்வது நிஜமா, அல்லது கதவு திறந்து இவன் உள்ளேயே போனானா? நனைந்த பூட்ஸ், கத்தி, சண்டை எல்லாம் அவள் மனதில் ஒரு பக்கம் ஏறின. மறுபக்கம் அந்தக் கண் மட்டும்தான். வெகுநேரம் தவித்தாள். கடைசியில் இரண்டு பென்னியை எடுத்து ரோடாவின் கண்மேல் வைத்தாள். அதுவரை மூடாத இமைகள் அன்று மூடிக்கொண்டன. “மூக்கைத் தொடைச்சுக்கோ. பெட்டியத் தூக்க ஆள் பத்தல,” என்றாள்.

அதன்பிறகு எங்கள் சந்தில் யார் செத்தாலும் கெசியா முதலில் கண்ணைப் பார்த்து, யார் இருந்தார்கள் என்று வீட்டாரிடம் சொல்வது வழக்கமானது. அதனால் சில குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றது. கிரிம்ஷாவின் மனைவி கண்ணில் ஒரு பழுப்பு நாய் இருந்தது. அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை, சந்து முழுக்கத் தெரியும். ஏமஸ் வேறு பெண்ணைச் சேர்க்கவில்லை. எந்தக் கதவையும் தட்டவும் மாட்டான். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். சிலர் சாகும்வரை அவனுக்கு முதுகு காட்டாமல்தான் நடந்தார்கள். கெசியாவும்கூடச் சில ராத்திரி, தப்பு செய்துவிட்டோமோ என்று எழுந்து உட்கார்ந்தாள்.

இருபத்தாறு வருடம் கழித்து, ஒரு மார்ச் மாதக் காலையில் ஏமஸ் நெஞ்சுச் சளியில் செத்தான். கெசியாவுக்கு அப்போது எண்பது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். பயந்துகொண்டேதான் பார்த்தாள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. ரோடா குடியிருந்த ஒன்பதாம் எண் கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால், தட்டுவதற்குத் தூக்கிய ஒரு கை.

அவள் காசை வைக்காமல் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூன்று தட்டல் கேட்டது. அதைப் பக்கத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணும் கேட்டாள், யாரோ வாசலில் என்று எட்டிப் பார்த்துவிட்டு, யாருமில்லை என்று வந்தாள்.

“தெறந்துதான் இருக்கு. உள்ள போப்பா,” என்றாள் கெசியா. காசை வைத்துவிட்டு, கால்களைக் கழுவ ஆரம்பித்தாள்.