மாதம் ஒரு வாளி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஊரின் ஆறு தன் படுகையை விட்டு எழுந்து, மூன்று தெரு நடந்து, அரசு மருத்துவமனை டயாலிசிஸ் டெக்னீஷியனின் வீட்டுக் குளியலறைக்குக் குடிவந்தது. கதவைத் திறந்தவள், மொத்த ஆறும் நாலுக்கு ஐந்தடி இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒடுங்கி நிற்பதையும், வாசற்படி தாண்டி ஒரு சொட்டுகூட வழியாததையும் பார்த்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டுகளை மட்டும் எடுத்து வெளியே போட்டாள். அவளுக்கு ஆற்றின் மேல் கோபமில்லை. முப்பது வருடமாக அனல்மின் நிலையம் அதை உறிஞ்சி, பாதியை ஆவியாக வானத்துக்கு ஊதிவிட்டு, மிச்சத்தைச் சுடச்சுடத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. மீன்கள் வெந்து மிதந்த நாளில், 'வெப்பநிலையில் சிறு மாறுதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிலையத்தார் சாப்பிடப் போனார்கள். யாராக இருந்தாலும் வீடு மாற்றத்தான் செய்வார்கள்.

ஊர்க் குழாயில் நிலையம் குடித்த மிச்சம்தான் மருத்துவமனைக்கு. ஒருவர் ரத்தத்தை நாலு மணி நேரம் சுத்தம் செய்ய நூற்றிருபது லிட்டராவது தண்ணீர் வேண்டும். அது குறையக் குறைய நாலு மணி மூன்றானது, மூன்று இரண்டானது. மூன்றாவது நாற்காலியில் உட்காருபவள் டெக்னீஷியனின் கூடப்பிறந்த தங்கை. அவளுக்குக் காலும் முகமும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஆறு வீட்டுக்கு வந்த அன்றே டெக்னீஷியன் கேன்களில் மொண்டு மருத்துவமனைக்குச் சுமக்க ஆரம்பித்தாள். ஆறு அவள் கேனுக்கு மட்டும் அடங்கி வந்தது.

அவள் கணவன் அதே நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். இருபது வருடம் ஆற்றை உறிஞ்சியவன். குளியலறைக்குள் அதைப் பார்த்ததும், மாட்டிய செருப்போடு மேலதிகாரியிடம் சொல்ல ஓடினான். இரண்டு படுக்கையறைக் குடியிருப்பு தருவதாக எப்போதோ ஒருவர் தலையாட்டியிருந்தாராம்.

"உங்க வாய் ஒரு நாள் சும்மா இருக்காதா?" என்று கேட்டாள்.

"விசுவாசம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றான் அவன். அவள் காலிக் கேனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

மறுநாள் தலைமைப் பொறியாளர் பதினொரு ஆட்களோடும் ஒரு பெரிய உறிஞ்சு குழாயோடும் வந்தார். வேர்வையில் குளித்தாலும் கழுத்துப் பட்டையைத் தளர்த்தாதவர் என்பதால் ஊரில் அவருக்கு 'டை' என்று பெயர். குழாய் உள்ளே நுழைந்ததும் ஆறு சுவரேறி, கூரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. குழாய் மிதியடியையும் சோப்பையும் கடைசியில் டையின் டையையும் உறிஞ்சியது. ஏழு நாளுக்குள் உரிய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று குளியலறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆறு அண்ணாந்து படுத்திருக்கிறதா குப்புறப் படுத்திருக்கிறதா என்று வாசலிலேயே கூட்டம் போட்டுப் பேசினார்கள். படித்தவர்கள்.

எட்டாம் நாள், குளிரூட்டத் தண்ணீரில்லாமல் நிலையம் நின்றது. ஊரில் மின்சாரம் போனது. மருத்துவமனையில் இப்போது தண்ணீர் இருந்தது, மின்சாரம் இல்லை. கிழட்டு ஜெனரேட்டர் இருமி இருமி நின்றபோதெல்லாம், தங்கையின் ரத்தம் குழாயில் உறைந்துவிடாமல் இருக்க, டெக்னீஷியன் இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். தண்ணீரைக் கொன்றால்தான் விளக்கெரியும் என்று முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவர்களை அவள் சுற்றுக்கு ஒருமுறை மனதாரத் திட்டினாள்.

"கை வலிக்குதாக்கா?" என்றாள் தங்கை.

"பேசாத. எண்ணிக்கை விட்டுப்போகுது."

மருத்துவமனை மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் போட்டால் போதும் என்று அவள் விண்ணப்பம் எழுதினாள். மின் உற்பத்தி அலுவலகத்தின் படிவத்தில், குளிரூட்ட எவ்வளவு தண்ணீர் தேவை என்று ஒரு கட்டம் உண்டு. அவள் பூஜ்யம் என்று எழுதினாள். படிவம் திரும்பி வந்தது. தண்ணீர் குடிக்காத மின்சாரம் அவர்கள் அறிவுக்கு எட்டவில்லை, விண்ணப்பதாரர் எதையோ மறைக்கிறார் என்று குறிப்பு எழுதினார்கள். ஏழு மாதத்தில் ஐந்து முறை திரும்பியது. ஆறாவது முறை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தூசி கழுவ மாதம் ஒரு வாளி என்று எழுதினாள். அன்று மாலையே அனுமதி வந்தது. கூடவே, அந்த வாளி முறையாகப் பயன்படுகிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்பாளர் பதவியும் வந்தது. வேலையில்லாமல் இருந்த டை அதில் அமர்ந்தார். வாளியைச் சுமக்கும் வேலை அவள் கணவனுக்குக் கிடைத்தது. அவன் அதைப் பதவி உயர்வு என்று சொல்லிக்கொண்டான்.

தகடுகள் ஏறிய நாளிலிருந்து தங்கை நாலு மணி நேரம் முழுதாக உட்கார்ந்தாள். வீக்கம் வடிந்தது. மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டாள், அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கா அழுதாள். அடுத்த ஆறேழு வருடங்களில் வீடுகள், பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை என்று எல்லா மாடியிலும் தகடுகள் வந்தன. நிலையத்தின் பம்புகளை உடைத்து இரும்புக்குப் போட்ட அன்று, ஆறு குளியலறைக் கூரையிலிருந்து இறங்கி, கதவிலிருந்த நோட்டீஸை நனைத்து உரித்துவிட்டு, வந்த வழியே படுகைக்குப் போனது.

ஆனால் நன்றி மறக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை, டை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் கணவன் வாளியைப் பிடித்துக்கொண்டும் மாடியில் நிற்க, ஆறு தானே மருத்துவமனைப் படியேறி வந்து தகடுகளைக் கழுவிவிட்டுப் போகும். சரியாக ஒரு வாளி அளவு. இருவரும் அதற்குக் கையெழுத்துப் போடுவார்கள். துப்புரவுப் பணியாளர் மட்டும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "இப்பத்தான் துடைச்சேன், ஓரமாப் போ," என்பார். ஆறு கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஓரமாக இறங்கிப் போகும்.